வெர்லீன் தூங்கும் மாநிலம்

வெர்லீன் ஸ்டான்சிலின் வீட்டுக்குக் குறுக்கே மாநில எல்லை போகிறது. முன்னறை ஜார்ஜியாவில், படுக்கையறை அலபாமாவில். வரி இரண்டு பக்கமும் கட்டுகிறாள். காபி ஜார்ஜியாவில் கொதித்து அலபாமாவில் ஆறுகிறது என்பாள் நாத்தனார் டுவைலா. மலையிலிருந்து இறங்கும் காலைப்பனி இதையெல்லாம் பார்ப்பதில்லை. வீடு முழுவதையும் ஒரே வெள்ளையாக்கிவிட்டுப் போகும்.

இருபத்திரண்டு வருடமாகக் கம்பள ஆலையில் நூல்கண்டு மாற்றுகிறாள் வெர்லீன். அத்தனை இரைச்சலுக்குள்ளும் அவள் காதில் ஓடுவது ஒரே ஓசை: மனிதர் மூச்சை இழுத்து விடும் ஓசை. கணவன் ஓடெலின் நுரையீரல் கெட்டுக் கிடந்த மூன்று வருடமும், அந்த ஓசையை வைத்தே அவனுக்கு என்ன வேண்டுமென்று சொல்லிவிடுவாள். மூச்சுக்கருவி பார்க்கும் ஆஸ்பத்திரிப் பெண், இதற்குப் படித்திருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டாள். ஓடெல் போன பிறகும் அந்தக் கேள்வி வீட்டைவிட்டுப் போகவில்லை.

ஜார்ஜியாவில் லாட்டரிச் சீட்டு விற்ற காசில் கல்லூரிக் கட்டணம் தருகிறார்கள். அலபாமாவில் லாட்டரியே கிடையாது. அந்தப் பக்கத்து ஜனங்கள் சனிக்கிழமைதோறும் எல்லைக் கடையில் வரிசைகட்டி வாங்கிப் போவார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளுக்கென்று இருந்த அந்த உதவித்தொகையை இந்த வருடம் எந்த வயதினருக்கும் என்று விரித்தார்கள். நாற்பத்தாறு வயதில் வெர்லீன் மூச்சு சிகிச்சைப் படிப்புக்கு விண்ணப்பித்தாள். ஜார்ஜியாவில் ஒரு வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

கல்லூரி அலுவலகத்தில் லெட்பெட்டர் என்ற இளைஞர் வீட்டை வரைந்து காட்டச் சொன்னார். எல்லை வீட்டுக்காரர்கள் எந்தப் பக்கம் தூங்குகிறார்களோ அந்தப் பக்கத்து ஆட்கள் என்பது அங்கே வழக்கம்.

"கட்டில் எங்க இருக்கு, மிஸ் வெர்லீன்?"

வரைந்த படத்தில் அலபாமாப் பக்கம் விரல் வைத்தாள். லெட்பெட்டர் பேனாவைக் கீழே வைத்தார். கூட வந்திருந்த டுவைலா, இன்றைக்கே கட்டிலை முன்னறைக்கு இழுத்துவிடுகிறோம் என்றாள். இன்றைக்கு இழுத்தால் இன்றிலிருந்துதான் கணக்கு என்றார் அவர், வருத்தமாகவே.

வெர்லீன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி இன்னும் கலையவில்லை. மரங்கள் தரையைத் தொடாமல் நிற்பதுபோல இருந்தன.

"நான் கட்டில்ல படுக்கிறதில்ல," என்றாள். "ஓடெல் போனதுலேருந்து முன்னறை சோபாதான். ரெண்டு வருஷமாகப் போகுது."

டுவைலா திரும்பினாள். "நான் வர்றப்பல்லாம் விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாம இருக்குமேடி."

"கலைச்சாத்தானே சுருங்கும்."

தெரிந்தவர் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் லெட்பெட்டர். டுவைலா மேசைப் பக்கம் நகர்ந்தாள்.

"சோபாவுல ஒரு பக்கம் மட்டும் குழிஞ்சு கெடக்கும். டிவி பாத்தே குழிய வச்சுட்டியேன்னு இவளத் திட்டியிருக்கேன்," என்று சொல்லிப் பேனாவை வாங்கினாள்.

லெட்பெட்டர் படத்தின் முன்னறையில் தானே ஒரு சோபா வரைந்து, பக்கத்தில் ஜார்ஜியா என்று எழுதினார்.

"தலைக்கு ஏதாவது வச்சுக்கிறியா?" டுவைலா மெல்லக் கேட்டாள்.

"அவரோட தலகாணி."