புகார் கொடுத்த பிறகு

பழைய சேலைக் கிழிசலால் அத்தையின் வலது கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். மணிக்கட்டில் தோல் சிவந்து கிடந்தது.

அத்தை என் கணவரின் அம்மா. போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். என் கணவர் இறந்த பிறகு எங்களுக்கு வேறு யாருமில்லை. நான் மலையாளப் பக்கம் சித்திரபுரத்தில் ரிசார்ட் அறைகளைச் சுத்தம் செய்யப் போவேன். அத்தைக்கு நினைவு தப்பத் தொடங்கியதும், நான் இல்லாத நேரத்தில் கேஸைத் திறந்துவிட்டு ரோட்டுக்குப் போய்விடுவார். வேறு வழியில்லாமல்தான் அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தேன்.

"எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறாங்க. விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார் அங்கிருந்த நர்ஸ்.

ரிசார்ட் வரவேற்பறையில் இருக்கும் மலையாளிப் பெண்ணிடம் சொல்லி அழுதேன். "அப்படிக் கட்டி வைக்கப் பாடில்ல, கூடாது சேச்சி. பரிசோதனைக்கு ஆள் வரணும்," என்று அவளே சமூக நலத்துறைக்கு மலையாளத்தில் புகார் எழுதித் தந்தாள்.

மூன்று வாரம் கழித்து அதிகாரி வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். வருவது இல்லத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அத்தைக்குத் தலைவாரி, முழுக்கை ஸ்வெட்டர் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

"அம்மே, இவிடே சுகமாணோ?" அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

அத்தை பதறி எழப் பார்த்தார். தோட்டத்துக் கங்காணி என்று நினைத்துவிட்டார். "ஒரு குறையும் இல்லய்யா. வேலையை விட்டு மட்டும் நிப்பாட்டிராதீக."

ஸ்வெட்டர் கையை நானே மேலே தள்ளிக் காட்டினேன். சிவப்பு மறைந்து லேசான கறுப்புத் தடம்தான் இருந்தது.

"அது வளையல் தடம் சார்," என்றார் நர்ஸ்.

புகாருக்கு ஆதாரமில்லை என்று கடிதம் வந்தது. அதன்பின் இல்லத்தில் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்கள். பாதுகாப்புக்காகக் கட்டி வைக்க எனக்குச் சம்மதமாம். இல்லையென்றால் அன்றே கூட்டிப் போக வேண்டுமாம். விசாரித்த வேறு இரண்டு இல்லங்களிலும் இடமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு கைகளையும் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துவிட்டு, கஞ்சி ஊட்டினேன். பார்வை நேரம் முடிந்ததும் நர்ஸ் வந்து நின்றார். அவர் கட்டினால் இறுக்கிவிடுவாரே என்று, நானே கட்டினேன்.