அந்தோணியாருக்கு நான் எழுதிப் போட்ட பார்சல் சீட்டு

மூன்று நாட்டிய உடைகள் வைத்த ஒரு பெட்டி அமெரிக்காவில் ஏதோ ஒரு கிடங்கில் மாட்டிக்கொண்டது. இங்கே மயிலாப்பூரில் எனக்குச் சோறு இறங்கவில்லை. 2025 செப்டம்பரில் நடந்தது இது. நடந்ததை நடந்தபடியே நம் கோயில் பங்கு மக்களாகிய உங்கள் முன் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கோயிலில் இருந்தீர்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தீர்கள். மற்றவர்களும் இப்போது சிரித்துக்கொள்ளலாம். சிரித்து முடித்த பிறகு ஆண்டவர் எனக்குச் செய்ததையும் கேளுங்கள்.

என் பெயர் பிலோமினா. பரதநாட்டிய உடைகள் தைத்து இணையத்தில் விற்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. வெட்டுவதும் தைப்பதும் ரஹ்மான் பாய், பதினோரு வருடமாக. நல்ல பட்டுப்புடவையில் கத்திரி வைக்க யாருக்கும் மனசு வராது. பாய் பிஸ்மில்லா சொல்லிவிட்டு ஒரே இழுப்பில் வெட்டுவார், விசிறி மடிப்பு ஒரு நூல் கூட விலகாது. அளவு வாங்குவது, பெட்டி கட்டுவது, அனுப்புவது, வாடிக்கையாளரிடம் பேசுவது என் வேலை. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் நியூஜெர்சி வசந்தி. பிறந்தது மயிலாப்பூர், போய் இருபது வருடமாகிறது. அவர் மகள் மீராவுக்கு செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அரங்கேற்றம். அதற்காக மூன்று உடைகள்: அரக்கு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள். மே மாதம் போனில் முகம் பார்த்துப் பேசி, வசந்தி டேப்பைப் பிடிக்க நான் அளவு எழுதினேன். ஆகஸ்டில் மறுபடி எடுத்தால் அந்தப் பெண் ஒன்றரை இஞ்ச் வளர்ந்திருந்தாள். பாய் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்தார். உடை என்னவோ பிரமாதமாக வந்தது.

அனுப்பும் நேரத்தில்தான் இடி விழுந்தது. அதுவரை எண்ணூறு டாலருக்குள் உள்ள பார்சலுக்கு அமெரிக்காவில் வரி கிடையாது. ஆகஸ்ட் கடைசியோடு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். சின்னப் பார்சலாக இருந்தாலும் வரி, அதுவும் நம் நாட்டுச் சரக்கு என்றால் விலையில் பாதி. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவாகாமல் தபால் நிலையத்தில் அமெரிக்கப் பார்சல் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் தி.நகரில் ஒரு கூரியர் ஏஜென்டைப் பிடித்தேன். அவர் ஒரு படிவத்தை நீட்டினார். நான் எப்போதும் போல நிரப்பினேன்.

எப்போதும் போல என்றால் என்ன என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்ல வேண்டும். பார்சலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ‘கிஃப்ட்’ என்று எழுதுவேன். விலை இருபது டாலர். எட்டு வருடமாக இதுதான். வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்த புதிதில் யாரோ சொன்னார்கள், கிஃப்ட் என்று போட்டால் சீக்கிரம் போகும் என்று. அப்போது வரியே இல்லை, உண்மையான விலையை எழுதியிருந்தாலும் பெட்டி போயிருக்கும். அவசியமே இல்லாத காலத்தில் சொல்லிப் பழகிய பொய் அது. வரி வந்த பிறகும் கை அதையே எழுதியது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் போனில் பார்த்தால், ‘கூடுதல் விவரம் தேவை’ என்று ஒரே வரி. மறுநாளும் அதே வரி. ஏஜென்ட் இரண்டு முறை, “மேடம், அது அங்க கஸ்டம்ஸ்ல கீது, நம்ம கையில ஒன்னும் இல்ல” என்றார். மூன்றாம் முறையிலிருந்து போனை எடுக்கவில்லை. பிறகு ஒரு மெயில் வந்தது. குறித்த நாளுக்குள் சரியான விவரம் தராவிட்டால் பெட்டியைக் கைவிடப்பட்டதாக எடுத்துக்கொண்டு அழித்துவிடுவார்களாம். அழிப்பது! பாய் இரண்டு முறை பிரித்துத் தைத்த பட்டு. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

வசந்தியிடம் சொன்னேனா? இல்லை. தினமும் அவரிடமிருந்து மெசேஜ் வரும், பார்சல் எங்கே என்று. நானும் தினமும், ‘வந்துகொண்டே இருக்கிறது’ என்று பதில் போடுவேன். அந்தப் பெண்ணின் அரங்கேற்றத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

ரஹ்மான் பாய்தான் முதலில் சொன்னார். “அந்தம்மாகிட்ட உண்மைய சொல்லிடுமா. மறைக்க மறைக்க பேஜாருதான்.”

“உங்க வேலை தைக்கிறது. அதைப் பாருங்க பாய்” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் மதியத் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து, “துஆ கேட்டுட்டு வந்துக்கிறேன். நீயும் உங்க கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாம்மா” என்றார். எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலையில் புனித அந்தோணியார் நவநாள் வழிபாட்டுக்குப் போனேன். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அவர். சாவி, மோதிரம், ஓடிப்போன மாப்பிள்ளை வரைக்கும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். நம் கோயிலில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மன்றாட்டைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம், நவநாளின் நடுவில் ஒருவர் சீட்டுகளை எடுத்து வாசிப்பார். எல்லோரும் இரண்டு வார்த்தை எழுதுவார்கள்: உடல்நலம், தேர்வில் வெற்றி, மகளுக்கு நல்ல வரன். நான் படிவம் நிரப்பியே பழகியவள். முழு விவரம் இல்லாவிட்டால் வேலை நடக்காது என்று ஊறிப்போனவள். சீட்டின் இரண்டு பக்கமும் எழுதினேன். எல்லாச் சீட்டையும் வாசிக்க மாட்டார்கள், நேரம் இருக்காது என்றும் ஒரு நம்பிக்கை.

அன்றைக்கு வாசிக்க நின்றது லில்லி டீச்சர். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர். ஒரு எழுத்தை விடமாட்டார். என் சீட்டு அவர் கைக்குப் போனது. மைக்கில், நிறுத்தி நிதானமாக, டிக்டேஷன் கொடுப்பது போல வாசித்தார்:

“புனித அந்தோணியாரே, நியூஜெர்சிக்கு அனுப்பிய பார்சல் நின்றுவிட்டது. பார்சல் எண்...” பன்னிரண்டு இலக்கமும் ஒவ்வொன்றாக. “உள்ளே மூன்று நாட்டிய உடைகள். கிஃப்ட் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன், உண்மையில் விற்றது. இருபது டாலர் என்று போட்டது பொய். சுங்க அதிகாரிகளின் கண்ணை மறைத்து, பெட்டியை எப்படியாவது தாண்ட வைத்தருளும்.”

பழக்க தோஷத்தில் கோயிலே சேர்ந்து, “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. சொல்லி முடித்த பிறகுதான் எதற்காக வேண்டினோம் என்று புரிந்திருக்கிறது. பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்னால் வரை வந்தது. பங்குத்தந்தை குனிந்து எதையோ தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்டார். நான் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

நவநாள் முடிந்ததும் யாரும் பார்க்காமல் நழுவப் பார்த்தேன். வாசலில் ஒரு பெண் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வழியை மறித்தாள். முப்பது வயதிருக்கும்.

“அக்கா, அந்த பார்சல் சீட்டு நீங்க போட்டதா?”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க ஒருத்தர்தான் தலைய தூக்காம குந்திகினு இருந்தீங்க.” அவளும் சிரித்தாள். “இன்னாக்கா நீங்க, சாமியவே ஸ்மக்லிங்குக்கு கூப்பிடுறீங்க?”

ஸ்டெல்லா என்று பெயர். பட்டினப்பாக்கத்துப் பெண். கிண்டியில் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை. “ஒரு மாசமா எங்க ஆபீஸ்ல இதே ரோதனதான்கா. கிஃப்டு, சாம்பிளு, பழைய துணின்னு எழுதி அனுப்பினது எல்லாம் அங்க நின்னுகினு கீது. சரி, பொட்டிக்குள்ள வேற இன்னா வெச்சீங்க?”

“பில்லு. என்னோட விசிட்டிங் கார்டு. அடுத்த ஆர்டருக்குப் பத்து பர்சன்ட் தள்ளுபடின்னு ஒரு அட்டை.”

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “கிஃப்ட் குடுக்கறவங்க யாராச்சும் உள்ள தள்ளுபடி அட்டை வெப்பாங்களா? வெளிய பொய்யி, உள்ள உண்மை. பிரிச்சு பாத்தவன் சிரிச்சிருப்பான்கா.”

“இப்ப என்னதான்மா பண்றது?”

“உண்மைய எழுதி அனுப்புங்க. நிஜமான பில்லு, நிஜமான விலை, இன்னா துணி, கஸ்டம்ஸ் லிஸ்ட்ல அதுக்கு உண்டான கோடு நம்பரு. கிஃப்ட்னு போட்டது என் தப்பு, வரிய நான் கட்டுறேன்னு ஒரு லெட்டரு. வாங்கினவங்களும் ஆமான்னு சொல்லணும். நாள் தாண்டறதுக்குள்ள போச்சுன்னா பொட்டி கெடைக்கும்.”

“நான் பொய் சொன்னேன்னு நானே எழுதித் தரணுமா?”

“கோயிலுக்கே சொல்லிட்டீங்க. கூரியர்காரனுக்கு சொல்றதுக்கு இன்னாக்கா?”

மறுநாள் மதியம் பஸ் பிடித்துக் கிண்டிக்குப் போனேன். அவள் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். வரி கட்டினால் இந்த ஆர்டரில் எனக்கு ஒன்றும் மிஞ்சாது. தெரிந்துதான் எழுதினேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது, கைவலிக்குத் தைலம் தேய்த்தது போல ஒரு ஆறுதல். நம்பினால் நம்புங்கள்.

அடுத்தது வசந்தி. கடிதத்தைவிட அதுதான் கஷ்டம். வீட்டுக்கு வந்து செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு குரல் பதிவு அனுப்பினேன். கிஃப்ட் என்று எழுதியது, பெட்டி நின்றது, வந்துகொண்டே இருக்கிறது என்று தினமும் சொன்ன பொய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலை ஒரு வரி வந்தது: சொன்னதற்கு நன்றி, என் பக்கத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஸ்டெல்லா இரண்டு முறை மெயில் திருத்திக் கொடுத்தாள். கோடு எண்ணில் ஒரு தப்பு, அதற்கு மூன்று நாள் போனது. அடுத்த செவ்வாயும் சீட்டுப் போட்டேன். ‘ஆண்டவரே, பெட்டி போய்ச் சேரட்டும். சேராவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வேறு வழி காட்டும்’ என்று இரண்டே வரி. அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, பெட்டி வசந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பாய் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான், “இயேசுவே நன்றி” என்றேன். இரண்டு பேரும் தெருமுனைக்குப் போய் மசால்வடை வாங்கிச் சாப்பிட்டோம். அந்த வாரத்தில் எனக்கு ருசி தெரிந்தது அதுதான்.

அக்டோபரில் தபாலும் திறந்துவிட்டது. வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டி அனுப்பலாம் என்று வந்தது. இப்போது என் கடைப் பக்கத்தில் உடையின் விலை, வரி, அனுப்பும் செலவு மூன்றையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுப் பின்வாங்கியவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். அமெரிக்க ஆர்டர் குறைந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆட்களைத் தேடினேன், கிடைத்தார்கள். பாய்க்கு ஒரு நாளும் வேலை இல்லாமல் போகவில்லை. செவ்வாய் நவநாள் முடிந்ததும் நானும் ஸ்டெல்லாவும் கோயில் வளாகத்தில் அரைமணி நேரம் உட்காருகிறோம். அபிராமபுரத்திலிருந்து ஒரு அம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். அடையாறில் அண்ணன் தங்கை இருவர் பித்தளை விளக்கு அனுப்புகிறார்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள், சேர்ந்து நிரப்புவோம். தூக்கம் நன்றாக வருகிறது. இது பெரிய விஷயம் இல்லையா?

டிசம்பர் கச்சேரி சீசனுக்கு வசந்தி மீராவோடு சென்னை வந்தார். நேரே என் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். மீரா பாயிடம் போய் அரங்கேற்றப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். காப்பி குடித்துவிட்டு வசந்தி சொன்னது இது.

“பிலோமினா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்டி நின்ன அன்னிக்கே கூரியர்காரா எனக்கு போன் பண்ணிட்டா. இது கிஃப்டான்னு கேட்டா. இல்லை, பணம் குடுத்து வாங்கினதுன்னுட்டேன். அனுப்பினவாதான் சரியான பில் குடுக்கணும், அவாளுக்கும் எழுதியிருக்கோம்னு சொன்னா. நீங்களானா வந்துண்டே இருக்கு, வந்துண்டே இருக்குன்னு மெசேஜ் போட்டுண்டிருந்தேள். நீங்களா சொல்றேளான்னு பாத்துண்டு இருந்தேன். மீராவோட டான்ஸ் டீச்சர்கிட்டேர்ந்து ஒரு செட் டிரஸ் கேட்டு வாங்கி வெச்சுட்டேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா, பெட்டி வந்திருந்தாலும் சரி, உங்ககிட்ட வாங்கறது அதோட முடிஞ்சிருக்கும்.”

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மீராவின் டீச்சருடைய மாணவிகள் ஒன்பது பேருக்கு உடை வேண்டுமாம். அளவுகள் எல்லாம் எழுதியிருந்தன.

அவர் போன பிறகு அந்தோணியார் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். நான் கேட்டபடியே ஆண்டவர் அந்தப் பெட்டியைத் தாண்ட வைத்திருந்தால், உடை போயிருக்கும், வசந்தியும் போயிருப்பார். எதனால் போனார் என்று கூட எனக்குத் தெரிந்திருக்காது. இன்னும் கிஃப்ட் என்றே எழுதிக்கொண்டிருப்பேன். என்னைக் காப்பாற்றுவதற்காக என் சீட்டைக் கோயில் முழுக்க வாசிக்க வைத்தவருக்குக் கோடி நன்றி. லில்லி டீச்சருக்கும் சேர்த்து.

உங்களில் யாராவது ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு, எப்படிக் கேட்பது, சரியாகக் கேட்கிறோமா என்று தயங்கிக்கொண்டிருந்தால் தயங்காதீர்கள். வாய்க்கு வந்தபடி கேளுங்கள். என்னைவிடத் தப்பாக யாரும் கேட்டுவிட முடியாது, எனக்கே அவர் கொடுத்தார்.