பெரிய டிரம் கமலா

இன்று சேத்துப்பட்டு பஸ்ஸில் என் கான்வென்ட் பள்ளித் தோழி கமலாவைப் பார்த்தேன். பள்ளி பேண்டில் அவள் பெரிய டிரம், நான் லீடர்.

பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவங்க ஒரு தப்பும் பண்ணதில்லம்மா. நான்தான் சுதந்திர தினத்துல எல்லாரும் நின்னப்புறமும் தட்டிகினே போய் மானத்த வாங்கினேன். சிஸ்டர் டிரம்ம பிடுங்கிட்டாங்க."

முன்னால் பார்வையை மறைக்கும் பெரிய டிரம்மைச் சுமந்து நடப்பவளுக்குத் தெரிவது லீடர் கோலின் நுனி மட்டும்தான். அதை உயர்த்தினால்தான் நிறுத்த வேண்டும்.

அன்று நான் உயர்த்த மறந்து அப்படியே நின்றுவிட்டேன்; மற்றவர்கள் என்னைப் பார்த்து நின்றார்கள். சிஸ்டரிடம் அதைச் சொல்லவில்லை.

இன்றும் சொல்லவில்லை. "விடு கமலா, பழைய கதை" என்று மன்னிப்பவள் போலச் சொல்லிவிட்டு ஆரணியில் இறங்கினேன்.

கமலா, இந்தப் பதிவை நீயும் படிப்பாய். கீழே கமெண்டில் முதல் திட்டு உன்னுடையதாக இருக்கட்டும். மற்றவர்கள் பின்னால் வாருங்கள், வரிசை கலையாமல்.