என் மனைவி அழுத ஈஸ்டர் காலை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இதை எழுத எனக்குப் பல வருஷம் தயக்கமாயிருந்தது. சாவுக்குத் தப்பினவர்கள் சாட்சி எழுதுகிறார்கள். என் பிள்ளையோ தப்பவில்லை. பிறகு நான் எதை எழுத?

பிழைப்புக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, கிடர்பூர் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு வங்காளி ஆலயம். பாஷை சரியாகத் தெரியாததால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் ஒருவரிடமும் பேசாமல் வந்துவிடுவோம்.

அந்த வருஷம் தை மாதத்தில் எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் அடக்கத்துக்கு வருவதில்லை. என் மனைவி ஞானம் வாசலோடு நின்றுவிட்டாள். நான்தான் ஆலயத்தாரோடு போய் அடக்கம் செய்து வந்தேன்.

ஞானம் அழவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. குடும்ப ஜெபத்துக்கு நான் முழங்கால் போட்டால் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆலயத்துக்கும் வருவதில்லை. ஒருநாள், “அவ எங்க கிடக்கான்னுகூட எனக்குத் தெரியாது. நான் யார்ட்ட ஜெபிக்கணும்?” என்றாள். அன்றுமுதல் ஒரே ஜெபம்தான் செய்தேன்: “ஆண்டவரே, பிள்ளையைத் திரும்பக் கேட்கவில்லை. இவளைத் திரும்பத் தாரும்.”

ஈஸ்டர் அன்று விடியுமுன்னே தெருவில் மத்தளமும் தாளமும் கேட்டது.

“சன்னலச் சாத்துங்க. சாமி ஊர்வலம் வருது” என்றாள் ஞானம்.

நானும் அப்படியே நினைத்தேன். எங்கள் ஊர் ஆலயத்தில் பாமாலை உண்டு, மத்தளம் ஏது? போன வருஷத்தைப் போலவே சாத்தினேன். சத்தம் எங்கள் வாசலிலேயே நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தால், ஆலயத்தில் எல்லாரும் மாஷிமா, அதாவது சித்தி என்று கூப்பிடும் அம்மாள், கையில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறாள். பின்னால் சபையார் பத்துப் பேர்.

“வருஷா வருஷம் உங்க வாசல்ல தொண்டை கிழியப் பாடுறோம், நீங்க சன்னல அறைஞ்சு சாத்துறீங்க! நாங்க அவ்வளவு மோசமாவா பாடுறோம்?” என்று வங்காளியில் கேட்டாள். துறைமுகத்தில் பழகின பாஷையில் எனக்குப் புரிந்தது. வெட்கமாய்ப் போயிற்று. அவர்கள் சிரித்தார்கள். மாஷிமா சிரிப்பை நிறுத்தி, ஞானத்தின் கையைப் பிடித்தாள். “வா பௌமா. பிரபு உயிர்த்தெழுந்துட்டார். உன் பிள்ளைகிட்டப் போவோம்.” மருமகளை அழைக்கிற வார்த்தை அது.

“பொம்பளைங்க போலாமா?” என்று ஞானம் என்னைக் கேட்டாள். நான் அதை மாஷிமாவிடம் சொன்னேன். “முதல் ஈஸ்டர் அன்னிக்குக் கல்லறைக்குப் போனது யாராம்? ஆம்பளைங்களா?” என்றாள் அவள்.

ஞானம் செருப்புக்கூடப் போடாமல் போனாள்.

கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவர்த்தி. அந்த விடியலில் ஒரு கல்லறையும் இருட்டிலிருக்க விடுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். எங்கள் பிள்ளையின் மேட்டில் புல்லைப் பிடுங்கி, மல்லிகை வைத்து, விளக்கேற்றியிருந்தது. முந்தின நாளே அந்தப் பெண்கள் மேட்டைச் சுத்தம் செய்து, விடியுமுன்னே வந்து விளக்கேற்றியிருக்கிறார்கள். அவள் பேர்கூட அவர்களுக்குத் தெரியாது.

ஞானம் மண்ணில் விழுந்து அழுதாள். தை மாதத்திலிருந்து தேங்கின அழுகை. வங்காளிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவரும் “அழாதே” என்று சொல்லவில்லை. கூடவே அழுதார்கள். பிறகு மெதுவாகக் கீர்த்தனம் பாடினார்கள். அவர்கள் நடுவில் என் மனைவி கைகூப்பி, “ஆண்டவரே, இவளப் பாத்துக்கிடும்” என்று தமிழில் ஜெபித்தாள். நான் வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அதன்பின் நாங்கள் கடைசி வரிசையில் உட்காரவில்லை. துக்கப்படுகிற சகோதர சகோதரிகளே, பாஷை தெரியவில்லையென்று சபையை விட்டு ஒதுங்கியிராதேயுங்கள். உங்களுக்காகக் கதவு தட்டுகிறவர்களைக் கர்த்தர் வைத்திருக்கிறார். அவரை நம்புங்கள்.

இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றும் கூட்டிச் சொல்ல வேண்டாம். பிள்ளை பிழைத்தாள் என்று மட்டும் சொல்லிவிடாதேயுங்கள். அவள் பிழைக்கவில்லை. அவள் தாய் அழுதாள், ஜெபித்தாள். நடந்தது அவ்வளவுதான். நடந்தபடியே சொல்லுங்கள்.