மாமிக்குக் கிடைத்த சொல்

எங்கள் மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, 'சீரியஸ்' என்ற சொல்லில் அப்படியொரு பிடிப்பு. காய்ச்சல், தடிமன் என்பதெல்லாம் கனடாவில் இருந்த அவருடைய ஒரே மகனின் காதில் ஏறாது. "பனடோல் போடுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு அத்தான் வேலைக்கு ஓடிவிடுவார். சீரியஸ் என்றால்தான் விமானம் ஏறுவார். வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் பாவித்த சொல்தான். மாமி கொஞ்சம் தாராளமாகப் பாவித்தார்.

ஒருமுறை வயிற்றுக்குத்தென்று ஆஸ்பத்திரியில் கிடந்தார். பலாப்பழம் கூடிப்போனதால் வந்த வாய்வு, நாளைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் டொக்டர். மாமியின் முகம் தொங்கிவிட்டது.

"வடிவாப் பாருங்கோ தம்பி. உள்ளுக்கை சீரியஸா ஏதும் இருக்கும்."

உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுந்தான் அப்படிச் சொல்வோம் என்று அந்த மனுசன் பொறுமையாக விளக்கினார். அவர் அங்கால் போனதும் மாமி என்னிடம், "உவருக்குப் படிப்புக் காணாது" என்றார்.

அன்று பின்னேரமே கனடாவுக்குச் செய்தி போனது. அலறியடித்துக்கொண்டு வந்திறங்கிய அத்தானை, மாமி நண்டுக்கறிச் சட்டியோடு வரவேற்றார். அத்தான் கத்திய கத்தல் சந்திவரை கேட்டிருக்கும். கத்திமுடித்து, இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு, மாமியின் கட்டிலிலேயே நித்திரையாகிவிட்டார். எனக்கு ஒரு பை சொக்கிளேற் கிடைத்தது. அதனால் நான் மாமியின் கட்சி.

அடுத்த மாரியில் மாமிக்கு டெங்கு. இந்தமுறை அதே டொக்டர், யாரும் கெஞ்சாமலே, அப்பாவைத் தனியே கூப்பிட்டு "ஆள் சீரியஸ்" என்றார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்று ஒட்டுக்கேட்ட எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. கட்டிலடிக்கு ஓடினேன்.

"மாமி, டொக்டரே சொல்லிப்போட்டார், சீரியஸாம். அத்தானுக்குச் சொல்லட்டோ?"

சேலைன் ஏறிக்கொண்டிருந்த கையால் மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாமடி. சும்மா காய்ச்சல் எண்டு சொல்லு. என்ரை பிள்ளை பயந்து ஏங்கிப்போவான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு காலமும் ஆசைப்பட்ட சொல் டொக்டரின் வாயிலிருந்தே வந்திருக்கிறது, அதைப் போய் வீணாக்குகிறாரே. காய்ச்சல் மாமியின் மூளைக்கு ஏறிவிட்டது, டொக்டர் சொன்ன சீரியஸ் அதுதான் என்று நான் முடிவுகட்டினேன்.