தொழில் விசாரிக்கப் போன காலை

எழுபதுகளின் கடைசியில் பத்தாவது முடித்தேன். ஐ.டி.ஐ.யில் எந்தத் தொழிலை எடுப்பது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, மதிய ஷிப்டுக்குள் விசாரித்துவிடலாம் என்று என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மூலக்குளத்தில் அவருக்குத் தெரிந்த ஃபிட்டர், ராத்திரி வேலை முடிந்து வந்து மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். "எதுல வேணா சேத்து வுடு, ஃபிட்டர் மட்டும் வாணாம். வெல்டிங்குக்கு நல்ல கிராக்கி" என்றார்.

தெரு தள்ளி ஒரு வெல்டர் இருந்தார். இரண்டு கண்ணிலும் உருளைக்கிழங்கு வில்லை வைத்துக் கட்டிக்கொண்டு பாயில் படுத்திருந்தார். வந்தது அப்பா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "புள்ளைக்குக் கண்ணாவது இருக்கட்டும். ஃபிட்டருக்குப் போகச் சொல்லு, அதான் நிம்மதி."

இவர் அவரைக் காட்டுகிறார், அவர் இவரைக் காட்டுகிறார். நான் எங்கே போய்த் தொலைவது? கேரியரில் உட்கார்ந்து தொடை மரத்துப்போயிருந்தது. வெயில் வேறு.

திரும்பும் வழியில், டீக்கடையில் நின்றிருந்த ஒருவர் கைதட்டி அப்பாவை நிறுத்தினார். "என் தம்பி சும்மா கெடக்கிறான். ஒங்க மில்லுல சேத்து வுடலாம்னு பாக்கறேன், எப்பிடி?"

அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "எதுல வேணா சேத்து வுடு. மில்லு மட்டும் வாணாம்."

ஃபிட்டர் பேசிய மாதிரியே இருந்தது. நான் சிரித்திருப்பேன். அதற்குள் மில் சங்கு ஊதிவிட்டது. என்னை அங்கேயே இறக்கிவிட்டு, அப்பா மில்லைப் பார்த்து வேகவேகமாக மிதித்தார்.