துடைத்து வைத்த குப்பைத்தொட்டி

பள்ளிப் படிப்போடு நின்றவன் பயணக் குறிப்பு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் போவதற்காகத் திண்டிவனம் அருகே ஒரு நிறுத்தத்தில் நிற்கிறேன். கம்பெனிகள் பெருகப் பெருக, சாலையோரக் குப்பை மேடும் வளர்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் பச்சையும் நீலமுமாக இரண்டு புதுத் தொட்டிகள் பளபளக்கின்றன. தின்று முடித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலைத் தோலைப் பச்சைத் தொட்டியில் போடக் கையை நீட்டுகிறேன்.

“அண்ணே, அதுல போடாதீங்க!” துடைப்பத்தோடு ஓடி வருகிறார் துப்புரவுப் பணிசெய்யும் பெண்.

“குப்பைத்தொட்டிதானேம்மா?” என்கிறேன் தயங்கி.

“ஆபீசர் பார்க்க வர்றாரு. காலையிலேர்ந்து தொடச்சிக்கினு நிக்கிறேன். உள்ள ஒரு தோல் கெடந்தாலும் நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டாரு மேஸ்திரி.”

“அப்போ இத எங்க போடறது?”

“ஊரே போடற எடத்துலதான். புதுசா கேக்குறீங்களே!” என்று குப்பை மேட்டைக் காட்டுகிறார்.

தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். சுத்தமான ஊருக்கு என் சட்டைப் பை செய்யும் தொண்டு.

மறுநாள் அதே வழியாகத் திரும்பினேன். அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. தொட்டிகளைத்தான் காணவில்லை; அடுத்த ஊரில் ஆபீசர் பார்ப்பதற்காக வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்களாம்.